புயலுக்கு முகாம் போனால் மனை பறிபோகுமா?

கேள்வி: நாகை மாவட்டத்தில் கடலை ஒட்டிக் குடியிருக்கிறோம். புயல் எச்சரிக்கை வரும்போதெல்லாம் முகாமுக்குப் போகச் சொல்கிறார்கள். மறுத்தால் வழக்கு வருமா? போனால் அதையே சாக்காக வைத்து இடத்தை எடுத்துக்கொள்வார்களா?

பதில்: முதலில், சொன்னவுடன் கிளம்பிவிடுங்கள். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 51-ன்படி, தக்க காரணமின்றி அதிகாரிகளின் உத்தரவை மறுத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அதனால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் இரண்டாண்டு வரை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து அல்ல, வீட்டிலுள்ள முதியவர்களையும் குழந்தைகளையும் நினைத்துப் போங்கள்.

முகாமுக்குப் போவதால் மனையின் உரிமை மாறாது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். முகாமில் உணவு, குடிநீர், மருத்துவம், கழிப்பிடம் தருவது அரசின் கடமை. சாதி, மதம் பார்த்து ஒதுக்கிவைக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் பிரிவு 61 சொல்கிறது. யாராவது ஒதுக்கிவைத்தால் தாசில்தாரிடம் எழுத்தில் கொடுங்கள்.

உங்கள் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். கவனம் தேவைப்படுவது புயல் ஓய்ந்த பிறகுதான். சுனாமிக்குப் பின், 2005 மார்ச்சில் வெளியான அரசாணை எண் 172-ஐப் பாருங்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறிவரும் உச்ச எல்லை) 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புது வீடு இலவசம் என்றது அது. பழைய மனையை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டியிருந்தது. போக விரும்பாதவர்கள் அங்கேயே இருக்க முடிந்தது, ஆனால் வீட்டைப் பழுதுபார்க்க அரசின் உதவி கிடையாது என்றது. பெயரளவில் அது விருப்பத் தேர்வு. கூரையை இழந்து நிற்கும் குடும்பத்துக்கு அதில் எவ்வளவு விருப்பம் மிஞ்சும்? கரையில் படகும் வலையும் வைத்துப் பிழைப்பவர்களுக்குக் கடலிலிருந்து தள்ளிப்போவது தொழிலையே பாதிக்கும்.

ஆகவே, முகாமிலோ பிறகோ மாற்று வீடு என்று எந்தத் தாளை நீட்டினாலும் முழுவதும் படிக்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். பழைய மனை யாருக்குப் போகும், படகை எங்கே நிறுத்துவது என்று ஊர்ப் பஞ்சாயத்தோடு சேர்ந்து கேளுங்கள். கிளம்பும் முன் வீடு, படகு, வலை, இன்ஜின் எல்லாவற்றையும் செல்பேசியில் படமெடுங்கள். பட்டா, ரேஷன் அட்டை, படகுப் பதிவுச் சான்று மூன்றையும் பாலித்தீன் பையில் போட்டு உடன் கொண்டுபோங்கள். கிராம நிர்வாக அலுவலர் சேதம் கணக்கெடுக்க வரும்போது வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர் விடுபட்டால் உடனே மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.