ஆளில்லாத வீட்டில் ஸ்னோ தள்ளுகிறேன்

வணக்கம் அக்கா,

எனக்கு 51 வயது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். பிரச்சினையை முதலே சொல்லிவிடுகிறேன். மூன்று கிழமையாக, ஸ்னோ கொட்டுகிற நாளெல்லாம் விடிய நாலரைக்கு எழும்பி, 40 நிமிடம் கார் ஓடி, நகரத்தின் மேற்குப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் ஸ்னோ தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். அந்த வீட்டில் ஆள் இல்லை. வீட்டுக்காரர் போன மாதம் செத்துப்போனார், 88 வயது. மனைவிக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் தெரியவந்தது. "உங்களுக்கென்ன விசரா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அவர் எங்களுக்கு உறவு இல்லை. 1987 இல் அம்மாவும் நானும் தங்கச்சியும் அகதியாக வந்து இறங்கி அவருடைய பேஸ்மன்டில் வாடகைக்கு இருந்தோம், எனக்கு அப்போது 13. அவர் சட்டப் பேராசிரியர், வழக்கறிஞரும்கூட. பகலில் வகுப்பு, பின்னேரங்களில் காசு கொடுக்க வழியில்லாத ஆட்களின் வழக்குகள். தாய் தகப்பன் 1928 இல் மேற்கு உக்ரைனில் ஒரு கிராமத்திலிருந்து (அப்போது அது போலந்தின் ஆட்சியில் இருந்ததாம்) கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக்கு வந்து கமம் செய்தவர்கள். பள்ளிக்கூடம் போகும்வரை ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது என்பார். முதல் நாளே ஆசிரியை வாயில் வரவில்லை என்று அவருடைய பெயரைப் பாதியாக வெட்டிவிட்டார், வழக்கறிஞராகப் பதியும்போதுதான் மற்றப் பாதியைத் திரும்பச் சேர்த்தாராம்.

அதனாலோ என்னவோ பெயர் விஷயத்தில் ஆள் சரியான பிடிவாதம். அம்மாவின் அகதி விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு விட்டிருந்த கட்டங்களுக்குள் என் அப்பாவின் பெயர் அடங்கவில்லை. கடைசி நாலு எழுத்தை விடுவோம் என்று நான்தான் சொன்னேன். அவர் லாச்சியைத் திறந்து அடிமட்டத்தை எடுத்து, படிவத்தின் ஓரத்தில் புதிதாக நாலு கட்டம் கீறி, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதி முடித்துவிட்டு, முழுப் பெயரையும் ஒருக்கால் வாசித்துக் காட்டினார். பிழையாகத்தான் வாசித்தார்.

1990 இல் அம்மாவுக்கு விசாரணை. அதற்கு முதல் நாள் இரவு குசினி மேசையில் இருந்து அவர் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். முன்பெல்லாம் முடிவெடுக்கிறவர்கள் அகதி கேட்ட ஆளின் முகத்தையே பார்ப்பதில்லை, கடதாசியைப் பார்த்து முடிவு சொல்லிவிடுவார்கள், 1985 ஏப்ரலில் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நேரில் இருந்து சொல்லும் உரிமை கிடைத்தது, ஆகவே நாளைக்கு நிலத்தைப் பார்த்துக் கதைக்காதே என்றார். அம்மா பயந்துபோய் இருந்தார். உடனே பேராசிரியர் தன் தாய்மாமனின் கதையைச் சொன்னார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் 'எதிரி நாட்டவர்' என்று இந்த நாடு 8,500க்கும் அதிகமானோரை முகாம்களில் அடைத்தது, அதில் பெரும்பாலானவர்கள் உக்ரைனியர்கள், மாமாவும் ஒருவர், கேட்க ஒரு நாதி இருக்கவில்லை என்றார். அம்மா அடுத்த நாள் நிமிர்ந்து இருந்து கதைத்தார்.

அவருக்கு ஒரு ஆதர்சம் இருந்தது: வால்ட்டர் டார்னோபோல்ஸ்கி. அவரும் சஸ்காச்சுவான் உக்ரைனியக் குடும்பம், 1932 இல் பிறந்தவர், சட்டப் பேராசிரியராக இருந்து ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியானவர். 1993 செப்டெம்பரில் அவர் இறந்த செய்தி வந்த அன்று எங்கள் ஆள் ஒருவரோடும் கதைக்கவில்லை. பின்வளவில் இருட்டும்வரை உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தார். பாதிக் கிழங்கு இன்னும் முற்றவேயில்லை.

இனி என்னுடைய பிழை. இந்த வருடம் சனவரி 6, அவர்களுடைய நத்தார் இரவுச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். பன்னிரண்டு வகை இறைச்சியில்லாத சாப்பாடு, தேனும் கசகசாவும் போட்ட கோதுமைக் 'குத்யா', செத்தவர்களுக்கென்று ஒரு வெறும் கோப்பை. சின்ன வயதில் ஒவ்வொரு வருடமும் போவோம். எனக்கு வருட முடிவுக் கணக்கு வேலை, "அடுத்த கிழமை வாறன்" என்றேன். "சரி" என்றார், அவ்வளவுதான். அடுத்த கிழமையும் போகவில்லை, அதற்கடுத்த கிழமையும் போகவில்லை.

செத்தவீட்டில் கடைசி வாங்கில் இருந்தேன். 'விச்னாயா பமியாத்', நித்திய நினைவு என்று அர்த்தமாம், மூன்று முறை பாடினார்கள். வெளியே வரும்போது ஒரு அம்மா, "நீங்கள் அவரைப் பராமரித்த இடத்தில் வேலை செய்கிறவரா?" என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன், அக்கா. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் அப்பா 1991 இல் யாழ்ப்பாணத்தில் இறந்தார், கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது, எனக்கு அடுத்த நாள் சோதினை, போய் எழுதினேன். அழவில்லை. இந்த மனுசனுக்கு மட்டும் ஏன் இப்படி?

*

அன்புள்ள தம்பி,

விசர் இல்லை. மனைவிக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் "ஓம்" என்று சொன்ன இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். வேறு என்ன சொல்லியிருப்பீர்கள்? "பேஸ்மன்டில் இருந்த பொடியன்" என்றா? ஒரு உறவுக்குப் பெயர் இல்லாவிட்டால் அதன் துக்கத்துக்கும் இடம் கிடைப்பதில்லை. கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989 இல் இதைப் பற்றி ஒரு நூலே கொண்டுவந்தார். மற்றவர்கள் அங்கீகரிக்காத துக்கம், உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று தமிழில் சொல்லலாம். நம்முடைய கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவு. உங்களுக்குத் தொடக்கு இல்லை, எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் இருக்க ஒருவரும் இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அது ஸ்னோ தள்ளப் போய்விட்டது. அவர் 1993 இல் முற்றாத கிழங்கைக் கிண்டினாரே, அப்போது அவருக்கு விசர் என்று நீங்கள் நினைத்தீர்களா?

சனவரி 6 ஐப் பற்றி, "உங்களில் பிழை இல்லை" என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நம்பமாட்டீர்கள். போயிருக்கலாம். போகவில்லை. அது இருக்கட்டும், ஆனால் அதை வைத்து 38 வருடத்தையும் அளக்கத் தொடங்காதீர்கள். வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு அவர் உங்களை நினைத்திருக்கிறார், அதுவும் அந்த இரவுக்கு.

இன்னொன்று. பேராசிரியரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள், அப்பாவைப் பற்றி இரண்டு வரி. 17 வயதில் சோதினை எழுதப் போன பிள்ளைக்கு அழ எங்கே இடம் இருந்தது? அம்மா இருக்கிறார், தங்கச்சி இருக்கிறாள், விடிந்தால் சோதினை. இந்தக் கண்ணீரில் எவ்வளவு பங்கு யாழ்ப்பாணத்துக்குப் போகிறது என்று ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சொல்ல முடியாது. சும்மா யோசித்துப் பாருங்கள், அவசரம் இல்லை.

செய்யக்கூடியது என்று பார்த்தால், அவருடைய பிள்ளைகளுக்கோ நெருங்கிய ஆட்களுக்கோ கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். அனுதாபச் சொற்கள் வேண்டாம், அடிமட்டத்தையும் நாலு கட்டத்தையும் எழுதுங்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. கூடவே வாசலில் ஸ்னோ தள்ளுவது நான்தான் என்றும் சொல்லிவிடுங்கள், விடியப்புறம் ஆளில்லாத வீட்டில் ஒரு உருவம் நடமாடுகிறது என்று அயலவர் பொலிசைக் கூப்பிடுவதற்கு முதல்! ஒருநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் ஒரு சவளைக் கொடுங்கள். காரில் 40 நிமிடம் இருக்கிறதே, கதைக்கலாம்.

ஸ்னோ முடிந்த பிறகும் நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால் குடும்ப வைத்தியரிடம் போங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், கடிதம் முழுக்க உங்கள் அப்பாவின் பெயரை எழுதவேயில்லை. நாலு கட்டம் கூடுதலாகக் கீற வேண்டியிருந்த அந்தப் பெயர் என்ன, தம்பி? முழுதாக எழுதி அனுப்புங்கள்.