ஒமாஹா வரை போகுமா? கல்லூரி பேஸ்பால் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் ஜூன் மாத ஆட்டங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு, ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழக அணியை நெடுங்காலமாகப் பின்தொடரும் உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கோவை: சார், பையன் அமெரிக்காவில் படிக்கிறான். போன் பண்ணினாலே ரீஜனல், சூப்பர் ரீஜனல், ஒமாஹா என்கிறான். சுருக்கமாக என்ன அது?

மொத்தம் 64 அணிகள். நான்கு நான்காகப் பிரித்து 16 ஊர்களில் ஆடுவார்கள், அதுதான் ரீஜனல். ஒரு தோல்விக்கு மன்னிப்பு உண்டு, இரண்டாவது தோற்றால் மூட்டை கட்ட வேண்டும். ஜெயித்த 16 அணிகள் இரண்டிரண்டாக மோதும், மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அது சூப்பர் ரீஜனல். மிஞ்சும் எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகருக்குப் போகும். 1950 முதல் அங்கேதான் நடக்கிறது. அங்கும் முதலில் இரண்டு தோல்விக் கணக்கு, கடைசி இரண்டு அணிகளுக்கு மட்டும் மறுபடி மூன்றில் இரண்டு. ஐபிஎல் பிளேஆஃபில் முதல் இரண்டு இடத்துக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் அந்த இரண்டாவது வாய்ப்பு இங்கே எல்லோருக்கும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டன்: எங்க யுனிவர்சிட்டி நாட்டிலேயே முதல் அஞ்சு ரேங்க்குக்குள்ள இருக்கு. இந்த வருஷம் நம்பலாமா?

ரேங்க்கை மடித்துப் பையில் வையுங்கள். உங்கள் அணியின் மூன்றாவது பிட்சர், அதாவது பந்து வீசுபவர், யார்? பெயர் சட்டென்று நாக்கில் வந்தால் நம்பலாம். யோசிக்க வேண்டியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

காரணம் எளிது. சீசன் முழுக்க வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டம் ஆடிப் பழகியவர்கள் இவர்கள். ரீஜனலில் ஒரு ஆட்டம் தோற்றுவிட்டால் நான்கு நாளில் ஐந்து ஆட்டம் வரை போகும். முதல் நாள் நட்சத்திரப் பிட்சர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் எட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். திங்கட்கிழமை இரவு யார் கையில் பந்து என்பதுதான் கேள்வி. அதற்கு ரேங்க்கில் பதில் இல்லை. 2022-ல் டென்னசி 57 வெற்றி, 9 தோல்வி. நாட்டின் முதல் அணி. அவர்கள் சூப்பர் ரீஜனலில், சொந்த மைதானத்திலேயே நோட்ர டேமிடம் வெளியேறினார்கள். 1999-ல் மயாமிக்குப் பிறகு, முதல் தரவரிசை பெற்று உள்ளே வந்த எந்த அணியும் 2024 வரை கோப்பையைத் தொடவில்லை. 2024-ல் தொட்டது அதே டென்னசிதான்.

அட்லாண்டா: அண்ணா, ஒமாஹாவுக்கு ஃபிளைட், ஹோட்டல் இப்பவே போட்டுரலாமா?

போடாதீர்கள். சூப்பர் ரீஜனலின் கடைசி அவுட் விழும்வரை கிரெடிட் கார்டைத் தொடாதீர்கள். ரீஜனல் ஜெயித்த சந்தோஷத்தில் பணம் திரும்பாத அறை எடுத்து ஏமாந்த கதைகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

சார்லட்: நீங்க ஓல் மிஸ் ஆள்னு தெரியும். 2022-ல அவங்க ஜெயிப்பாங்கன்னு எந்தக் கட்டத்துல நம்ப ஆரம்பிச்சீங்க? உண்மையா சொல்லுங்க.

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மார்ச்சில் நாட்டின் முதலிடம் வரை போனோம். பிறகு சரிவு. மே தொடக்கத்தில், எஸ்இசி எனப்படும் எங்கள் தென்கிழக்கு லீகில் 7 வெற்றி, 14 தோல்வி. 2001 முதல் பயிற்சியாளராக இருந்த மைக் பியான்கோவை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி வெளிப்படையாகவே பேச்சு. நானும் அந்தக் கூட்டத்திலிருந்து வெகு தூரத்தில் நிற்கவில்லை. எத்தனை சூப்பர் ரீஜனல்களில் வாசலோடு திரும்பியிருப்போம்! அவர் காலத்தில் ஒமாஹாவை எட்டியது 2014-ல் ஒரே ஒரு முறை.

அடுத்த ஒன்பது லீக் ஆட்டத்தில் ஏழு ஜெயித்தார்கள். மிசூரியை மூன்றுக்கு மூன்று. பேட்டன் ரூஜுக்கே போய் எல்எஸ்யூ எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தையும் மூன்றுக்கு மூன்று. அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, மானம் தப்பித்தது என்ற அளவில்தான். லீக் போட்டிகள் 14-16 என்று முடிந்தன. ஹூவரில் நடந்த லீக் டோர்னமெண்டில் வாண்டர்பில்ட்டிடம் முதல் ஆட்டத்திலேயே 3-1 தோல்வி. 64 அணிகளில் கடைசியாக உள்ளே எடுக்கப்பட்ட அணி நாங்கள்தான்.

மயாமிக்கு அனுப்பினார்கள். அரிசோனாவை 7-4. அடுத்து மயாமியை 2-1. இந்த இரண்டாவது ஆட்டம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 22-6 என்று அரிசோனாவை மறுபடி அடித்த ஆட்டத்தில் டிம் எல்கோ மூன்று ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். ஊரே அதைத்தான் கொண்டாடியது. 2021-ல் முழங்கால் தசைநார் கிழிந்தும் திரும்பி வந்து ஆடியவர், அந்த சீசனில் 24 ஹோம் ரன், கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் 22 ரன் எந்த அணிக்கும் ஒரு நாள் வரும். அடுத்தவன் மைதானத்தில் ஒரே ஒரு ரன் கொடுத்து ஜெயிப்பது அப்படி வராது.

பிறகு ஹாட்டீஸ்பர்க்கில் சதர்ன் மிஸ் அணியோடு சூப்பர் ரீஜனல். நல்ல பிட்சர்களுக்குப் பேர்போன அணி, அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். நாங்கள் 10-0, 5-0. இரண்டு ஆட்டத்திலும் அவர்களால் ஒரு ரன் எடுக்க முடியவில்லை. அங்கேதான் நம்பினேன்.

ஒமாஹாவில் நடந்தது அந்த நம்பிக்கைக்கு வட்டி. ஆபர்னை 5-1, ஆர்கன்சாவை 13-5. பிறகு அதே ஆர்கன்சாவிடம் 3-2 தோல்வி. இன்னொன்று தோற்றால் கதை முடிந்தது. ஜூன் 18-ல் ஆபர்னுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸ் வரை பிட்ச் செய்த டிலன் டெலூசியா, 23-ம் தேதி மறுபடி பந்தை வாங்கினார். ஜூனியர் காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து வந்த பையன். ஒன்பது இன்னிங்ஸையும் தானே முடித்தார்: நான்கு ஹிட், ஒரு வாக் (மோசமான நான்கு பந்தால் எதிராளிக்கு ஓசியில் கிடைக்கும் முதல் பேஸ்) கூட இல்லை, 2-0.

சரி, அவரைச் செலவழித்தாயிற்று. ஓக்லஹோமாவுடன் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தை யார் போடுவது? ஜாக் டொஹர்ட்டி. சீசன் நடுவில் ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், இடத்தை இழந்தவர். முதல் ஐந்து இன்னிங்ஸில் ஒரு ஆளைக்கூட முதல் பேஸுக்கு விடவில்லை! 10-3. மெக்கேன்ட்ஸ், ஹாரிஸ், பெஞ்ச் மூவரும் எட்டாவது இன்னிங்ஸில் வரிசையாக ஹோம் ரன் அடித்ததை எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். நான் அந்த ஐந்து இன்னிங்ஸைப் பார்ப்பேன். மறுநாள் முதலாண்டு மாணவர் ஹன்டர் எலியட். ஓக்லஹோமாவின் பிட்சர் கேட் ஹார்ட்டன் எங்கள் ஆட்கள் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார். எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 2-1 என்று பின்தங்கியிருந்தோம். ஜேக்கப் கொன்சாலஸ் அடித்துச் சமன் செய்தார். மற்ற இரண்டு ரன்னும் கேட்சரைத் தாண்டி ஓடிய பந்துகளில் வந்தன. ஒன்பதாவதில் பிராண்டன் ஜான்சன் வந்து மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட். 4-2. பேஸ்பாலில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு முதல் தேசியக் கோப்பை.

கேரி, நார்த் கரோலினா: கடைசியா உள்ளே வந்த அணின்னு பெருமையா சொல்றீங்களே, அது எங்க என்.சி. ஸ்டேட் (நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டி) இடம். நாங்க எங்க லீக்கான ஏசிசியோட டோர்னமெண்ட் ஃபைனல் ஆடினோம். நீங்க ஹூவர்ல ஒரே ஆட்டத்துல வெளியே. இது நியாயமா?

ஃபைனல் ஆடி, நார்த் கரோலினா பல்கலைக்கழகத்திடம் 9-5 தோற்றீர்கள், ஞாபகம் இருக்கிறது. தேர்வுக் குழு ஒரு வாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. அணிகளை வரிசைப்படுத்த குழு பார்க்கும் ஆர்பிஐ (RPI) கணக்கில் உங்கள் சொந்த வெற்றி விகிதம் கால் பங்குதான். எதிரணிகளின் வெற்றி விகிதம் பாதி, அந்த எதிரணிகளின் எதிரணிகள் மீதிக் கால் பங்கு. எஸ்இசியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஜெயித்த அணிக்கும் அதில் மதிப்பு வரும். குழு ஆர்பிஐயை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை என்பதும் உண்மை.

கேரி (மறுபடி): அதைத்தான் சொல்றேன். பெரிய லீக்ல தோத்தாலும் பாயிண்ட். அப்புறம் கோப்பை ஜெயிச்சிட்டு, பாத்தியா குழு சரியாத்தான் எடுத்துச்சுன்னு பேச்சு.

இரண்டாவது பாதியில் உங்கள் பக்கம்தான் நிற்பேன். ஜூன் 26 அன்று நடந்ததை வைத்து மே 30 அன்று எடுத்த முடிவை நியாயப்படுத்த முடியாது. அன்றைக்கு இருந்த கணக்கில் உங்களை எடுத்திருந்தால் நான் எதிர்த்திருக்க மாட்டேன். சொல்லப்போனால் ஆச்சரியப்பட்டிருக்கவும் மாட்டேன். எங்கள் ஆட்கள் சிலர் அந்தக் கோப்பையைத் தேர்வுக் குழுவுக்குச் சான்றிதழாகக் காட்டுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் "எங்கள் இடம்" என்று ஒன்று கிடையாது. 64-ல் கோடு போட்டால் 65-வது ஆள் ஒருவர் இருந்தே தீருவார்.

டாலஸ்: அண்ணா, ஒமாஹா ஹோட்டல் எப்ப புக் பண்றது?

மேலே அட்லாண்டாக்காரருக்குச் சொன்னதேதான்.

ஸ்டார்க்வில்: எல்லாம் சரி. 2021-ல கோப்பை ஜெயிச்சது மிசிசிப்பி ஸ்டேட். உங்களுக்கு ஒரு வருஷம் முன்னாடி!

மறுக்கவில்லை. அடுத்த ஆண்டே 26-30 என்று முடித்து, எஸ்இசியில் கடைசி இடம் வாங்கி, 64-க்குள்ளேயே வராமல் போனதும் அதே மிசிசிப்பி ஸ்டேட்தான். சென்ற ஆண்டுக் கோப்பையை வைத்து இந்த ஆண்டு நம்பிக்கை வளர்க்கும் எல்லோரும் அதைப் படிக்க வேண்டும். காயமும், தொழில்முறை அணிகள் வீரர்களை எடுத்துக்கொள்ளும் டிராஃப்டும் பிட்சர்களைக் கொண்டுபோய்விடும்.

கேரி: 2021 பேச்சு வந்ததால கேக்கிறேன். அந்த வருஷம் ஃபைனலுக்கு ஒரு வெற்றி பாக்கி இருக்கும்போது எங்களை வெளியே அனுப்பினாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: என்.சி. ஸ்டேட் அந்த ஆண்டு சூப்பர் ரீஜனலில் முதல் தரவரிசை ஆர்கன்சாவிடம் 21-2 தோற்று, அடுத்த இரண்டையும் 6-5, 3-2 என்று ஜெயித்து ஒமாஹா வந்தது. அங்கே ஸ்டான்ஃபோர்டையும் வாண்டர்பில்ட்டையும் வென்றது. பிறகு கோவிட். வாண்டர்பில்ட்டுடன் மறு ஆட்டத்துக்கு 13 பேரோடு இறங்கி, 3-1 என்றுதான் தோற்றார்கள். மறுநாள் ஆடவே விடவில்லை. ஆட்டம் ரத்து, வாண்டர்பில்ட் ஃபைனலில்.

மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய தொடரின் முதல் ஆட்டத்திலேயே 21 ரன் வாங்கிய அணி மறுநாள் எழுந்து நிற்கிறது என்றால், அவர்கள் பிட்சர்களைச் சரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். 13 பேரோடு ஆடிய அந்த ஆட்டத்தை நான் கல்லூரி பேஸ்பாலின் பெரிய ஆட்டங்களில் ஒன்றாக வைப்பேன். உங்கள் கோபம் முழுக்க நியாயம். அதை 2022 கணக்கில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

சான் ஹோசே: அவங்க எல்லாரும் தடுப்பூசி போட்டிருந்தா...

அந்தக் கதவை இங்கே திறக்க வேண்டாம். அடுத்து.

நியூ ஜெர்சி: யார் ஜெயிப்பாங்கன்னு பெட் கட்ட டிப்ஸ்?

கிடையாது.

சென்னை: எம்எல்பி எனும் தொழில்முறை பேஸ்பால் லீகில் எந்த அணியைப் பார்க்கலாம்?

என் பகுதி இல்லை. கேட்டால் இங்கேயே பத்துப் பேர் சண்டை போட்டுக்கொண்டு சொல்வார்கள்.

சியாட்டில்: எங்க அணி ரீஜனல்ல நாலாவது சீட், அதாவது நாலு அணியில கடைசித் தரவரிசை. கனவு காணவே கூடாதா?

காணலாம், ஒரே ஒரு முன்னுதாரணத்தோடு. 2008-ல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் ரீஜனலில் நாலாவது சீட்டாக நுழைந்து ஜார்ஜியாவை வென்று கோப்பையை எடுத்தது. நாலாவது சீட்டில் அப்படிச் செய்தவர்கள் அவர்கள் மட்டுமே. இறுதிச் சுற்றில் முதல் ஆட்டம் 7-6 தோல்வி, இரண்டாவது 19-10 வெற்றி, மூன்றாவது 6-1. அந்த 19 ரன்னைப் பார்க்காதீர்கள். 6-1-ல் இருக்கும் அந்த ஒன்றைப் பாருங்கள்.

ஃபீனிக்ஸ்: ஒமாஹாவில் ரசிகர்கள் ஜெல்லோ ஷாட் (மது கலந்த ஜெல்லி) போட்டி என்று என்னவோ செய்கிறார்களாமே?

மைதானத்துக்கு எதிரே ராக்கோஸ் என்ற கடை. எந்த அணி ரசிகர்கள் எத்தனை வாங்கினார்கள் என்று பலகையில் எழுதுவார்கள். 2022-ல் எங்கள் ஆட்கள் 18,777. அடுத்த ஆண்டு எல்எஸ்யூ 68,888 என்று போய்விட்டது. இதில் தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஹூஸ்டன்: சார், அப்போ ரூம்...

சூப்பர் ரீஜனல். கடைசி அவுட். அப்புறம் ரூம். இனி இந்தக் கேள்விக்குப் பதில் வராது.

மினியாபோலிஸ்: அக்கா பையன் ஆடுற அணி வெள்ளிக்கிழமை முதல் ஆட்டமே தோத்துருச்சு. வீட்ல எல்லாரும் டிவியை அணைச்சுட்டாங்க. முடிஞ்சுதா?

முடியவில்லை, ஆனால் மலை செங்குத்து. இனி நான்கு ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும்: சனிக்கிழமை ஒன்று, ஞாயிறு இரண்டு, திங்கள் ஒன்று. வெள்ளிக்கிழமை யாரைப் போட்டார்கள் என்று பாருங்கள். முதல் பிட்சரை மிச்சம் வைத்துக்கொண்டு தோற்றிருந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அவர் சனிக்கிழமை நீண்ட நேரம் நின்றால் புல்பென்னில் காத்திருக்கும் மாற்றுப் பிட்சர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குத் தெம்பு இருக்கும். முதல் பிட்சரைப் போட்டே தோற்றிருந்தால், இரண்டாமவர் குறைந்தது ஏழு இன்னிங்ஸ் போட வேண்டும், அதில் சமாதானமே கிடையாது. டிவியைப் போடச் சொல்லுங்கள். சனிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு? அணி எது என்று சொன்னால் நானும் பார்க்கிறேன்.