வாசகர் கேள்வி–பதில்: அண்ணா பல்கலைக்கழகம், பெயர் ஒன்று, வாசல் பல

கேள்வி: என் மகள் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறாள். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில், ‘இங்கு படித்தாலும் அண்ணா பல்கலைக்கழகப் பட்டம்தான்’ என்கிறார்கள். அப்படியென்றால் சென்னைக்கு ஏன் அனுப்ப வேண்டும்? (ஒரு தந்தை, திருவண்ணாமலை)

பதில்: அவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. 1978-இல் இப்பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது நான்கு நிறுவனங்கள் அதில் இணைந்தன: 1794-இல் நிலஅளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1944-இல் தோன்றிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, சி. ராஜம் 1949-இல் குரோம்பேட்டையில் நிறுவிய மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனமான எம்.ஐ.டி., கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி. வளாகக் கல்லூரிகள் என்று பேச்சுவழக்கில் குறிப்பிடப்படுபவை இவை நான்கும்தான். மாநிலமெங்கும் உள்ள பொறியியல் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பொறுப்பு 2001-இல்தான் இப்பல்கலைக்கழகத்திடம் வந்தது.

ஆகவே இன்று அப்பெயரின் கீழ் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. முதல் அடுக்கு வளாகக் கல்லூரிகள். இரண்டாவது, பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரிகளும் வட்டார வளாகங்களும். உங்கள் மாவட்டத்திலேயே ஆரணியில் ஒன்று உள்ளது. மூன்றாவது, பெரும்பாலும் தனியார் அறக்கட்டளைகள் நடத்தும், நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகள். இவற்றுள் தன்னாட்சி பெற்றவை பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே வகுத்துக்கொள்கின்றன. மற்றவற்றுக்குப் பல்கலைக்கழகமே வினாத்தாள் அனுப்புகிறது. பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் பொதுவாக இருக்கலாம். ஆசிரியர், ஆய்வகம், நூலகம், உடன் படிப்பவர் ஆகிய நான்கும் பொதுவல்ல. விளம்பரப் பலகையில் பல்கலைக்கழகத்தின் பெயர் கல்லூரியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தால், நான் சற்று எச்சரிக்கையாகவே இருப்பேன்.

கேள்வி: ‘ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்’ என்பது பி.இ. படிக்கும் மாணவனுக்கு எவ்வகையில் பயன்படும்? ஆராய்ச்சி என்பது முனைவர் பட்டம் செய்பவர்களுக்கானது அல்லவா? (மாணவர், சிவகங்கை)

பதில்: முதல் இரண்டு ஆண்டுகளில் பெரிய வேறுபாடு எதையும் நீங்கள் உணர மாட்டீர்கள் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். கணிதமும் இயற்பியலும் எங்கும் அதே கணிதமும் இயற்பியலும்தான். சில வகுப்புகள் சலிப்பூட்டவும் செய்யும். வேறுபாடு மூன்றாம் ஆண்டிலிருந்து தெரியத் தொடங்கும். உங்களுக்குப் பாடம் எடுப்பவரே அத்துறையில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டுபவராகவும், அரசு நிதியில் ஆய்வுத் திட்டம் நடத்துபவராகவும் இருந்தால், இறுதியாண்டுத் திட்டப்பணி என்பது கடையில் விலைக்கு வாங்கி ஒப்படைக்கும் சடங்காக முடிந்துவிடாமல், நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்வின் சிறு பகுதியாக அமையும் வாய்ப்பு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. இஸ்ரோவின் வழிகாட்டுதலில் எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான அனுசாட், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள். சுமார் 40 கிலோ எடை கொண்ட அது, 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.–சி12 ஏவுகலத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணுக்குச் சென்றது. ஓரிடத்தில் பெற்ற செய்தியைச் சேமித்து வைத்திருந்து, வேறோர் இடத்தின் மேலே செல்லும்போது அங்கே இறக்கித் தருவதே அதன் வேலை. கேட்க எளிதாகத் தோன்றும் இவ்வேலைக்கு மின்னணுவியல், மின்கலன், வெப்பக் கட்டுப்பாடு, மென்பொருள், தரை நிலையம் என ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். அந்த அறிவெல்லாம் ஒரே வளாகத்தில் கூடியதுதான் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் பயன். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்ததும் இதே எம்.ஐ.டி.யில்தான். கிண்டி வளாகத்திலும் படிக வளர்ச்சி மையம், தொலையுணர்வு நிறுவனம், உயிரித் தொழில்நுட்ப மையம் என்று தனித்த ஆய்வு அமைப்புகள் இருக்கின்றன.

ஆனால் இவை தாமாக உங்களைத் தேடி வரமாட்டா. நான்கு ஆண்டுகளும் விடுதி, வகுப்பு, உணவகம் என்று சுற்றிவிட்டு, இம்மையங்களின் வாசலையே மிதிக்காமல் வெளியேறுபவர்களும் உண்டு. நீங்கள் விரும்பும் துறையின் ஆசிரியர் பட்டியலைத் திறந்து, யார் எதில் ஆய்வு செய்கிறார் என்று ஒரு மாலைப்பொழுது செலவிட்டுப் பாருங்கள். தரவரிசையைப் பார்ப்பதைவிட அது பயன்தரும். தரவரிசையும் பொருட்படுத்தத் தக்கதே. மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். 2024-இல் முதன்முறையாக மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கெனத் தனிப் பட்டியல் வெளியிட்டபோது, அண்ணா பல்கலைக்கழகம் முதலிடம் பெற்றது. எனினும் அந்த இடத்தை இணைப்புக் கல்லூரிகள் தம்முடையதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

கேள்வி: நுழைவுத் தேர்வு உண்டா? கட் ஆஃப் எப்படிக் கணக்கிடுவது? (வாசகி, தென்காசி)

பதில்: பி.இ., பி.டெக். படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 2007-08 கல்வியாண்டு முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. ஐ.ஐ.டி. போன்றவற்றுக்கான நுழைவுத் தேர்வாகிய ஜே.இ.இ.யின் மதிப்பெண்ணும் இங்கே தேவைப்படாது; அதே சர்தார் படேல் சாலையில் இருக்கும் ஐ.ஐ.டி.யையும் இப்பல்கலைக்கழகத்தையும் ஒன்றாக எண்ணிக் குழம்புபவர்கள் இன்றும் இருப்பதால் இதைத் தனியே சொல்கிறேன். கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க். மட்டும் விதிவிலக்கு, அதற்கு நாட்டா (கட்டடக்கலைக்கான தேசியத் திறனறித் தேர்வு) போன்ற தகுதித் தேர்வு கட்டாயம்.

சேர்க்கைக்கான தரவரிசையைத் தீர்மானிக்கும் மதிப்பெண்ணான கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் அப்படியே 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு 50, 50. கணிதம் 96, இயற்பியல் 94, வேதியியல் 90 எனில், 96, 47, 45 சேர்ந்து 188. இருவர் ஒரே எண் பெற்றால் முதலில் கணித மதிப்பெண்ணும், அடுத்து இயற்பியலும் ஒப்பிடப்படும். 69 விழுக்காடு இடஒதுக்கீடு பின்பற்றப்படுகிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு. அதன்கீழ் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தகுதியுள்ள பல குடும்பங்கள் விவரம் தெரியாமல் இதைத் தவறவிடுவது வருத்தத்துக்குரியது.

இடங்களை ஒதுக்கும் இணையவழிக் கலந்தாய்வில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண் உண்டு. கிண்டி 1, அழகப்பா 2, எம்.ஐ.டி. 4. விருப்பப் பட்டியலில் உங்களுக்கு உண்மையிலேயே மிகவும் பிடித்ததை முதலில் எழுதுங்கள். ‘கிடைக்காது’ என்று கருதி அதைக் கீழே தள்ளாதீர்கள்; மேலே எழுதியது கிடைக்காவிட்டால் கணினி அடுத்த விருப்பத்துக்குச் செல்லுமே தவிர, அதற்காக உங்கள் வரிசையைக் குறைத்துவிடாது.

கேள்வி: தமிழ்வழியில் பொறியியல் படிக்கலாமா? (மாணவர், விழுப்புரம்)

பதில்: படிக்கலாம். 2010-இல் கட்டுமானப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. ஆனால் பட்டம் மட்டும் தமிழில் இருந்தால் போதாது, பள்ளிக் கல்வியும் தமிழ்வழியில் அமைந்திருக்க வேண்டும். உயர்படிப்புக்கான நூல்களும் ஆய்விதழ்களும் ஏறக்குறைய முழுவதும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், வாசிக்கும் அளவுக்கேனும் ஆங்கிலத்தை உடன் வளர்த்துக்கொள்வது அவசியம்.

கேள்வி: விடுதி கிடைக்காவிட்டால் என்ன செய்வது? (ஒரு தாய், அரக்கோணம்)

பதில்: கிண்டியிலும் குரோம்பேட்டையிலும் இருபாலருக்கும் தனித்தனி விடுதிகள் உள்ளன. இடம் ஒதுக்கப்பட்ட உடனேயே விண்ணப்பியுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால், கடற்கரை–தாம்பரம் மின்தொடர் வண்டிப் பாதையில் கிண்டி, குரோம்பேட்டை இரண்டுக்குமே நிலையங்கள் இருப்பதால், அப்பாதையையொட்டி உறவினர் வீடு இருந்தால் அங்கிருந்து சென்றுவரலாம். அரக்கோணத்திலிருந்தே நாள்தோறும் போய்வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; மாலை ஆய்வக நேரம் முழுவதும் பயணத்திலேயே கரைந்துவிடும்.