மெஷின் பேர் போடாவிட்டால் யார் பொறுப்பு?

கேள்வி: அம்மா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் இப்போது முகம் பார்த்துப் பேர் போடும், அதாவது நாள் கூலிக்கு வருகை பதியும், மெஷின் வைத்திருக்கிறார்கள். மழைக்குத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றால் அதற்கு அம்மாவைத் தெரிவதில்லை. போன மாதம் மூன்று நாள் பேர் விழவில்லை. கேட்டால், “ஏஐ போட்ட கணக்கு, அது வெளிநாட்டுக் கம்பனியுடையது” என்கிறார்கள். சர்வதேசச் சட்டப்படி யாரைப் பிடிப்பது? (ஹட்டன் வாசகர்)

பதில்: தம்பி, வெளிநாட்டுக் கம்பனியைத் தேடி அலைய வேண்டாம். அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது தோட்ட நிர்வாகம்தான்.

செயற்கை நுண்ணறிவு சட்டத்தின் முன் ஓர் ஆள் இல்லை. அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவ முடியாது. ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னபோது, சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதாடியது. கனடாவின் தீர்ப்பாயம் 2024இல் அதை ஏற்கவில்லை. நிறுவனமே நட்டஈடு கொடுக்க நேர்ந்தது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் நியாயம் அதேதான்.

சர்வதேசச் சட்டம் பெரும்பாலும் அரசுகளோடுதான் பேசும். ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணைக்குழு 2001இல் வகுத்த விதிகளும், எந்தச் செயல் அரசின் கணக்கில் சேரும் என்பதைத்தான் சொல்கின்றன. தனியார் தோட்டத்து மெஷின் அதில் நேரடியாக வராது. ஆனால் நியாயமான கூலியை உறுதிசெய்யும் பொருளாதார, சமூக உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கை 1980இலேயே சேர்ந்துவிட்டது. கூலி வெட்டுப்பட்டால் கேட்க ஒரு வழியை அரசு திறந்து வைத்தே ஆகவேண்டும். அந்த வழிதான் தொழில் திணைக்களம்.

அங்கே போகுமுன் கையில் சாட்சி வேண்டும். அந்த மூன்று நாளும் அம்மா நிறுத்துக் கொடுத்த கொழுந்துக்குக் கிலோக் கணக்கு இருக்குமே? வேலைக்கே வராதவர் பேரில் கொழுந்து எப்படி வந்தது? இதைவிட வலுவான கேள்வி கிடையாது. திகதிகளையும் கிலோவையும் எழுதி, கூட வேலைசெய்த இரண்டு பேரின் கையெழுத்தோடு தோட்டத்து முகாமையாளரான துரைக்குக் கடிதம் கொடுங்கள். பிரதியில் கட்டாயம் கையொப்பம் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள், தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு.

முகப்பதிவு சாதாரண விபரம் அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை விசேட வகைத் தரவாகவே பார்க்கிறது; மெஷின் தானாக எடுத்த சில முடிவுகளை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையையும் சொல்கிறது. சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருவதால், இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அரசுத் தோட்டமாக இருந்தால் அடிப்படை உரிமை மனுவுக்கும் இடமுண்டு. ஆனால் அதற்கு ஒரே மாதம்தான் தவணை. போன மாதத்து நாட்கள் என்றால் இந்த வாரமே சட்டத்தரணியைப் பாருங்கள்.

மெஷின் விற்ற கம்பனியிடம் நட்டத்தைக் கேட்பது தோட்டத்தின் பாடு. அது முடியும்வரை அம்மாவின் மூன்று நாள் பேர் காத்திருக்க வேண்டியதில்லை.