அப்பாவின் 80ஆம் பிறந்தநாள் பாட்டு: கடைசிப் பத்தி வேண்டாம்

வணக்கம். அப்பாவின் 80ஆம் பிறந்தநாளுக்கு டாம் ஜோன்ஸின் 'கிரீன் கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்' பாட்டைத் தமிழாக்குகிறீர்கள், கடைசிப் பத்தி மட்டும் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒட்டாதுதான். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அந்தப் பத்தியில்தான் உண்மை தெரியும்: ஊர் திரும்பியது, பெற்றோரைப் பார்த்தது எல்லாமே கனவு. கண் விழித்தால் நாலு சுவர். விடிந்தால் சாகப்போகும் மரண தண்டனைக் கைதிதான் பாடுகிறான், அந்தப் பச்சைப் புல்லுக்கு அடியில்தான் அவனைப் புதைப்பார்கள். 1966இல் பிரபலமான பாட்டு. எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்திலேயே இதை முழுசாகப் பாடினார்கள், எனக்கு மனசு பதறிவிட்டது.

முதல் பத்திகளும் பல்லவியும் போதும். ஆனால் பாட்டில் வரும் பழைய ஓக் மரத்தை அப்படியே வைக்காதீர்கள். அப்பா தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்தவர் என்கிறீர்கள். என் அம்மாவும் அங்கேதான். 1960களில் சனங்களை நகருக்கு வெளியே இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பி, குடியிருப்பை இடித்துவிட்டார்கள், தொட்டுப் பார்க்க அந்த வீடே இல்லை. அம்மா இன்றும் சொல்வது பொதுக் குழாயடியைத்தான். அப்பாவுக்கு எது என்று இந்த வாரமே கேளுங்கள், மரத்தின் இடத்தில் அதை வையுங்கள்.

இன்னொன்று, 'ஹோம்' நீளும் இடத்தில் 'வீட்டுக்கு' போட்டால் குரல் முட்டும். 'ஊரு' என்று போட்டு ஊகாரத்தை நீட்டிப் பாருங்கள்.