மான் வேட்டைக்கு எந்த ரைஃபிள்? – வாங்குமுன் ஒரு வார்த்தை

பென்சில்வேனியாவில் நன்றி நவிலும் நாள் முடிந்த சனிக்கிழமை ரைஃபிள் சீசன் தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே அமெரிக்கத் தமிழ் வாசகர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: முதல் ரைஃபிள் வாங்கப் போகிறேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில்தான் வேட்டை. ".300 வின்செஸ்டர் மேக்னம் வாங்குங்க, மான் தப்பவே தப்பாது" என்கிறார் கடைக்காரர். பட்ஜெட் 1,000 டாலர். – ஹாரிஸ்பர்க் வாசகர்

இதே வசனத்தைக் கேட்டு ஏமாந்தவன்தான் பதில் எழுதுகிறான். என் முதல் ரைஃபிளும் .300 மேக்னம், அதாவது மருந்து அதிகமுள்ள பெரிய தோட்டா போடும் வகைதான். மூன்றாவது குண்டிலேயே தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அதன்பிறகு நூறு கஜத்தில் தட்டையே அடிக்க முடியவில்லை. ரைஃபிள் கோணல் என்று கடையில் போய்ச் சண்டை வேறு போட்டேன். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு கிழவர் என் ரைஃபிளை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். எனக்குத் தெரியாது. ட்ரிக்கரை இழுத்தேன். வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை அரை முழம் கீழே குத்தியது, என் இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. கோணல் யாரிடம் என்று புரிந்தது. பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். கண்ணைத் திறந்து சுடப் பழக ஆறு மாதம் ஆயிற்று.

உங்கள் காட்டில் நூறு கஜத்துக்கு அப்பால் மான் தெரிவதே அபூர்வம். வெள்ளைவால் மானுக்கு .243 (1955-இல் வந்த தோட்டா), 7எம்எம்-08, .308, இன்று எல்லோரும் கொண்டாடும் 6.5 க்ரீட்மோர், எது வாங்கினாலும் போதும். 1906-இல் வந்த .30-06 இன்றைக்கும் போதும், உதை மட்டும் சற்றுக் கூடுதல். எதில் சுட்டாலும் மானுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை, உங்கள் தோளுக்குத் தெரியும். சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன் மாதிரி, ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளும் சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ஒன்றைப் பாதிப் பணத்தில் முடியுங்கள். மீதிப் பாதி ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தோட்டாவுக்கும்.

இன்னொன்று. குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். தோளில் பதியும் பின்கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் சிரமமில்லாமல் ட்ரிக்கரைத் தொட வேண்டும். ஆறடி ஆளுக்குச் செய்த கட்டை நம் கைக்கு நீளமாக இருக்கும். டி-ஷர்ட்டில் போய்ப் பார்த்துவிட்டு, டிசம்பரில் கோட்டோடு தோளில் ஏற்ற முடியாமல் தவிப்பவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: தள்ளுபடியில் .308 வாங்கிவிட்டேன். ஒஹையோவில் மானுக்கு அது கூடாது என்கிறார்களே? – கொலம்பஸ் வாசகர்

கூடாது. ஒஹையோவில் மான் வேட்டைக்கு ரைஃபிள் என்றால் கழுத்து குறுகாத நேர்க்கூடு தோட்டாதான்: .350 லெஜண்ட், .450 புஷ்மாஸ்டர், பழைய .45-70 மாதிரி. வேட்டை விதிப் புத்தகத்தை மாநிலமே இலவசமாகத் தருகிறது. தள்ளுபடி விளம்பரத்தைப் படித்த கண்ணுக்கு அது தெரியவில்லையா? வாங்கிய கடையிலேயே மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பழைய துப்பாக்கி விலைக்கு எடுத்தால்கூட வாயைத் திறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கணவரின் பிறந்தநாளுக்கு இணையத்தில் ஒரு லீவர் ரைஃபிள் பார்த்தேன். 650 டாலர் அனுப்பினேன். "நேராக வீட்டுக்கே வரும்" என்றார்கள். இப்போது தளமே இல்லை. அழுகையாக வருகிறது. – நியூ ஜெர்சி வாசகி

அழாதீர்கள் அம்மா. ஆசையாகப் பரிசு வாங்கப் போனதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. திருடியது அவர்கள். இன்றைக்கே வங்கிக்குப் போன் போடுங்கள். எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் பதியுங்கள். அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் படமெடுத்து வையுங்கள்.

மற்றவர்களுக்கு: இணையத்தில் வாங்கும் ரைஃபிள் மத்திய அரசு உரிமம் உள்ள கடைக்குத்தான் வரும். நீங்கள் அங்கே போய் அடையாள அட்டை காட்டி, படிவம் 4473 நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கையில் கிடைக்கும். "வீட்டு வாசலுக்கே" என்று ஒருவன் சொன்னால் அங்கேயே தளத்தை மூடிவிடுங்கள்.

கேள்வி: நண்பர் எச்1பி விசாவில் இருக்கிறார். அவர் பணத்தில், என் பெயரில் வாங்கித் தரலாமா?

கூடாது. உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்று அந்தப் படிவமே கேட்கிறது. பொய் சொன்னால் ஜெயில், கிரீன் கார்டு இருந்தால் அதுவும் போகலாம். குடியேறா விசாக்காரர்களுக்குத் துப்பாக்கி பொதுவாகத் தடை. ஆனால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பர் முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமம் எடுத்து, தானே கடைக்குப் போகட்டும்.

கேள்வி: பழைய ரெமிங்டன் 700 மலிவாக வருகிறது. வாங்கலாமா?

நல்ல ரைஃபிள்தான், 1962-லிருந்து இருக்கிறது. முதலில் தயாரித்த தேதியைக் கேளுங்கள். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை வந்த எக்ஸ்மார்க் ப்ரோ ட்ரிக்கர் உள்ளவற்றை, தானாகவே வெடிக்கக்கூடும் என்று கம்பெனியே திரும்பக் கேட்டது. அந்தப் பழைய கம்பெனி 2020-இல் திவாலாகிப் பிரித்து விற்கப்பட்டுவிட்டது. அதனால் துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் ட்ரிக்கரை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: ரைஃபிளோடு சேர்த்துத் தரும் ஸ்கோப் போதுமா?

எனக்குப் போதவில்லை. விடியற்காலை, நல்ல கொம்புள்ள மான், ஸ்கோப்புக்குள் மூடுபனி. கடையில் "செட் பண்ணிட்டோம்" என்பதையும் நம்பாதீர்கள். ரேஞ்சில் நீங்களே சுட்டுச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: கிண்டியில் பார்த்த புள்ளிமானை டெக்சஸில் வருஷம் முழுக்கச் சுடலாமாமே? எந்த ரைஃபிள் எடுக்கலாம்? – ஆஸ்டின் வாசகர்

உண்மை. 1932-இல் கொண்டுவந்து விட்டது, பெருகிவிட்டது. வெளியூர் மான் என்பதால் மூடிய சீசன் கிடையாது. வேட்டை உரிமமும் நிலத்துக்காரர் அனுமதியும் வேண்டும். அம்மா வாங்கித் தந்த வேர்க்கடலையைக் கிண்டி வேலிக்குள் நீட்டிய கை இது, எனக்கு மனசு வராது. உங்களுக்கு வந்தால் .243 போதும்.