சுரங்கக் கம்பெனி அணிகள் - கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவாவின் சுரங்கக் கம்பெனிகள் நடத்திய டெம்போ, சல்காவ்கர் கால்பந்து அணிகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சுரங்கத்துக்குத் தடை வந்தது, பணம் நின்றது, அணியும் போனது. கம்பெனி விளம்பரத்துக்கு நடத்திய அணிக்காக ஏன் இத்தனை வருத்தம்?

செந்தில், கரூர்

அன்புள்ள செந்தில்,

வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கோவா அரசு இரும்புத் தாது வெட்டுவதை நிறுத்தியது 2012 செப்டம்பரில். டெம்போ குடும்பமோ 2009-லேயே தன் சுரங்கங்களை சேசா கோவா என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டது. விற்ற பிறகும் அணியைக் கைவிடவில்லை. 2010-லும் 2012-லும், அப்போது நாட்டின் முதல் கால்பந்து லீக்காக இருந்த ஐ-லீக்கின் பட்டம் டெம்போவுக்குத்தான். 2011-12 சீசனில் அவர்களுடைய ரான்டி மார்ட்டின்ஸ் மட்டும் 32 கோல் அடித்தார்!

சல்காவ்கர் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. அவர்களிடம் சுரங்கம் இருந்தது, தடை அவர்களைத் தாக்கியது. ஆனாலும் அதற்குப் பிறகு நான்கு சீசன் தேசிய லீக்கில் ஆடினார்கள்.

அணிகளை விரட்டியது 2016-இல் வந்த திட்டம். ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக்தான் இனி முதல் லீக், ஐ-லீக் அதற்குக் கீழே என்று கால்பந்து சம்மேளனம் முன்வைத்தது. பிறகு எதற்காக ஜெயிப்பது? சல்காவ்கரும், இன்னொரு கோவா அணியான ஸ்போர்ட்டிங் கோவாவும் விலகின, டெம்போவும் விலகியது. அந்த வருடம்தான் டெம்போ இரண்டாம் டிவிஷனில் முதலாவதாக வந்து மேலே ஏறியிருந்தது. இதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

விளம்பரம் என்கிறீர்கள். யாருக்கு? மாண்டவி ஆற்றில் விளிம்புவரை அமிழ்ந்தபடி சென்ற படகுகளில் இருந்த செம்மண் நிறத் தாது, ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போனது. மட்காவ் கடைத்தெருவில் அதை வாங்க ஆளில்லை. தூசியும் சேறும் படிந்த ஊர்களில் நல்ல பெயர் வாங்கும் எண்ணம் இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. அந்த ஊர்களுக்கு நடந்தது தனிக் கணக்கு, அணி அதைத் தீர்த்துவிடாது.

ஆனால் மட்காவின் ஃபட்டோர்டா மைதானத்து கேலரியில் ஒருமுறை என் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். தாது லாரி ஓட்டியவராம். கடலைப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தவர், சல்காவ்கர் ஆடி முடிக்கும்வரை ஒரு கடலைகூட எடுக்கவில்லை. முடிந்ததும் பொட்டலத்தை அப்படியே என்னிடம் நீட்டினார். என் வருத்தம் அவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

டெம்போ 2024-இல் ஐ-லீக்குக்குத் திரும்பி வந்தது. சல்காவ்கர் மாநில லீக்கோடு நின்றுவிட்டது.